ஒரு நகர்த்தல் தள்ளி

ஏற்காட்டில், பள்ளிக்கூட ஹாலில்,
மூன்றாம் சுற்று, பதினேழாம் மேசை.
எனக்குக் கறுப்பு.
எதிரே குமரகிரி. எருமாபாளையத்தில்
லாரிக்குத் தார்ப்பாய் தைப்பவராம்.
கை கொடுத்தபோது உள்ளங்கை முழுக்க
ஊசி தள்ளித் தள்ளி ஏறிய காய்ப்பு.

நான் செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுப் பட்டறையில் எடை எழுதுகிறவள்.
வெள்ளி இவ்வளவு, பொடி இவ்வளவு, சேதாரம் இவ்வளவு.
மில்லி குறைந்தால் அன்றைய தூக்கம் போச்சு.
சதுரங்கத்துக்கும் அந்தப் புத்தியோடுதான் வந்தேன்:
குதிரை மூன்று, யானை ஐந்து, ராணி ஒன்பது.
ஆனால் ஆட்டம் தொடங்கும்போது
இரண்டு தட்டும் சமம்.
முப்பத்திரண்டும் நின்றுகொண்டிருக்கின்றன.
எடை போட ஒன்றுமே இல்லாத இடத்தில்
எது நல்ல நகர்த்தல் என்று
எந்தத் தராசைக் கேட்பது?

ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார்.
நானும்.
உடனே ராணியைத் தூக்கி
ஓரத்தில், ஹெச் ஐந்தில்,
பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல்
வைத்துவிட்டுக் கடிகாரத்தை ஓர் அறை.

எனக்குச் சுருக்கென்றது.
இரண்டாவதிலேயே ராணியா?
என்னை என்னவென்று நினைத்தார்?
ஜி சிப்பாயை ஒரு கட்டம் ஏற்றினால் போதும்,
ஓடியாக வேண்டும்.
கை போய்விட்டது.
தொட்டால் ஆடியே தீர வேண்டும்.
சிப்பாயின் மொட்டைத் தலைக்கும் என் விரலுக்கும் நடுவே
ஒரு கொலுசு முத்து நுழையும் இடைவெளி.

ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்தது.
யாரோ எழுந்துபோய்ச் சாத்தினார்கள்.
அந்தச் சத்தத்தில்தான் பார்த்தேன்:
ராணி ஓட மாட்டாள்.
நடுவில் என் சிப்பாயைத் தின்று, செக் சொல்வாள்.
நான் ராஜாவை மறைத்து முடிப்பதற்குள்
நானே திறந்துவிட்ட சாய்கோட்டில் சறுக்கி
மூலை யானையைத் தின்பாள்.
இன்னும் ஓர் அடி நடக்காத யானை.

விரலை மடக்கி, மூக்குக் கண்ணாடியை
ஏற்றி விட்டுக்கொண்டேன்,
அதற்குத்தான் கை நீட்டியதுபோல.

குதிரை. சி ஆறு.
யாரையும் விரட்டாத நகர்த்தல்.
நடுச் சிப்பாய்க்கு ஒரு காவல்,
லாயத்திலிருந்த குதிரைக்குக் கொஞ்சம் காற்று.
அவ்வளவுதான்.

பிஷப்பைக் கொண்டுவந்து எஃப் ஏழைக் குறிவைத்தார்.
இப்போது ஏற்றினேன் ஜி சிப்பாயை.
அதே சிப்பாய், அதே ஒரு கட்டம்,
ஒரு நகர்த்தல் தள்ளி.
ராணி பின்வாங்கி எஃப் மூன்றில் நின்றாள்.
மறுபடி அதே குறி.
இன்னொரு குதிரையைக் குறுக்கே நிறுத்தினேன்.
அவருடைய குதிரை வர வேண்டிய கட்டத்தில்
அவருடைய ராணி நின்றிருந்தாள்.
மேசைக்கடியில் அவர் செருப்பைக் கழற்றி
மறுபடி மாட்டுவது கேட்டது.

இதற்கு மேல் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை.
நாற்பத்தோராம் நகர்த்தலில் தோற்றேன்.
யானையும் சில சிப்பாய்களும் மிஞ்சிய நேரத்தில்
ஆறு மணி பஸ்ஸை நினைத்துக்கொண்டு,
எண்ணத் தெரிந்தவள், எண்ணாமல் விட்டேன்.

வெளியே பஜ்ஜிக் கடையில் அவர்தான் டீ சொன்னார்.
"ரெண்டாவதுலயே ஜி ஆறு வெப்பீங்கன்னு நெனச்சேங்க.
பத்துக்கு ஏழு பேரு வெச்சுருவாங்க.
உங்க கை வந்துச்சே, பாத்தேன்.
அப்புறம் பாத்தா குதிரை.
அந்தக் குளுருலயும் வேர்த்துருச்சுங்க எனக்கு."

பஸ்ஸில் ஆட்டத்தாளைப் பிரித்து
முதல் நான்கு வரிகளுக்குக் கீழே கோடு போட்டேன்.
மீதி முப்பத்தேழையும் உள்பக்கமாக மடித்தேன்.
இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில்
டிரைவர் ஹாரன் அடித்து, பிரேக் போட்டு நின்றார்.
கீழே பனிக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள்
ஏறி வந்துகொண்டிருந்தன.
பின் சீட்டில் ஒருவர்,
"போலாம்ப்பா, அதான் எடம் இருக்கே" என்றார்.
டிரைவர் திரும்பவில்லை.
ஸ்டீயரிங்கின்மேல் விரல்கள் மட்டும்
தட்டிக்கொண்டிருந்தன.